கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகிழ்ச்சியாகப் பாடலாமா?

கேட்டவர் சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவை இந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "டிசம்பர் 24 இரவு வரை கிறிஸ்துமஸ் பாட்டு வேண்டாம், மேளத்தையும் குறையுங்கள் என்கிறார் ஃபாதர். அவரே மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, சந்தோஷமாகப் பாடுங்கள் என்றும் சொல்கிறார். ஆர்ச்சர்ட் ரோட்டில் நவம்பரிலேயே விளக்கு போட்டு கிறிஸ்துமஸ் பாட்டும் ஆரம்பித்துவிடுகிறது. பள்ளி விடுமுறைக்குப் பாதிக் குழு ஊருக்குக் கிளம்பிவிடும். கிறிஸ்துமஸ் பாட்டும் இல்லாமல் மேளமும் இல்லாமல் எப்படி மகிழ்ச்சியாகப் பாடுவது?" பார்வைக்கு இது எந்தப் பாட்டு, எந்த வாத்தியம் என்ற கேள்வி. எனக்கு அதற்கடியில் வேறொன்று கேட்கிறது: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் துக்கம் காக்கும் காலமா, கொண்டாடும் காலமா? அது தெளிந்துவிட்டால் பாட்டுப் பட்டியல் அரை மணி நேர வேலைதான்.

நான் கர்நாடக இசை வாய்ப்பாட்டு கற்றவன். இங்கே தமிழ்த் திருப்பலிகளில் பல ஆண்டுகள் பாடியும், பிறகு குழு நடத்தியும் வருகிறேன். திருவழிபாட்டு விதிகளை வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஆனால் என் அனுபவம் கத்தோலிக்க வழிபாட்டுக்குள் அடங்கியது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லூத்தரன் தமிழ்ச் சபைகளும் இந்தக் காலத்தைக் கடைப்பிடிக்கின்றன, அவர்கள் வழக்கம் வேறு. டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் ஆராதனை வைக்கும் சபைகள் உண்டு. அவர்கள் செய்வது தவறு என்று இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

முதலில், விவாதத்துக்கே இடமில்லாத விஷயங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடலைப் பாடுவதில்லை. அல்லேலூயா மட்டும் நிற்காது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில்தான் அது நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் குழுவில் எல்லோருக்கும் புரியவைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிசம்பர் 8, மரியாவின் அமல உற்பவப் பெருவிழா. அன்று 'உன்னதங்களிலே' உண்டு, மறந்துவிடாதீர்கள். வாத்தியங்களைப் பற்றி உரோமைத் திருப்பலி நூலின் தொடக்கத்தில் வரும் பொது விதிகளில் 313-ஆம் எண் பேசுகிறது. திருவருகைக் காலத்தில் ஆர்கனும் மற்ற கருவிகளும் இந்தக் காலத்தின் தன்மைக்கேற்ற அளவோடு ஒலிக்கலாம், ஆண்டவருடைய பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது என்பது அதன் சாரம். அதே எண்ணில் தவக்காலத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். பாட்டுக்குத் துணையாக மட்டுமே கருவி, சில நாட்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. ஆக, இரண்டு காலமும் ஒன்றல்ல என்று விதியே சொல்கிறது. குருவின் ஊதா உடை இரண்டுக்கும் பொது என்பதால்தான் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். உங்கள் ஃபாதர் 'மேளமே கூடாது' என்றா சொன்னார், 'குறையுங்கள்' என்றா? நீங்கள் எழுதியபடி பார்த்தால் 'குறையுங்கள்' என்றுதான். அப்படியானால் அவர் விதிப்படிதான் பேசுகிறார்.

குழப்பத்துக்கு வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சில் இருந்த தூர் நகரில், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11-க்குப் பிறகு கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் சில நாள் நோன்பிருக்கும் வழக்கம் இருந்தது. கிட்டத்தட்ட இன்னொரு தவக்காலம் மாதிரி. ரோமில் வளர்ந்த வழக்கமோ அவ்வளவு கடுமையானதாக இல்லை, எதிர்பார்ப்பே அதில் மேலோங்கி நின்றது. இன்றைய திருவருகைக் காலத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த நாட்காட்டி விதிகள் இதைப் பக்தியும் மகிழ்ச்சியும் நிறைந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே வரையறுக்கின்றன. ஆகவே 'இது துக்கக் காலம்' என்று உங்கள் குழுவில் மூத்தவர் யாராவது சொன்னால், அவர் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. பழைய வழக்கத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறார், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இது என்ன வகை மகிழ்ச்சி? வாசகங்களைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் ஞாயிறுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் வந்ததே அன்றைய பழைய வருகைப் பாடலால்தான். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வரி அது: "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்." இதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். திருப்பலி வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழலும்; அதன் முதலாம் ஆண்டில் அதே ஞாயிறு நற்செய்தியில் திருமுழுக்கு யோவானும் சிறையில்தான் இருக்கிறார். "வரவிருப்பவர் நீர்தாமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். மகிழ்ச்சி ஞாயிறன்று திருச்சபை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இரண்டு கைதிகளை! செய்தி வந்துவிட்டது, கண்ணால் இன்னும் பார்க்கவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுடைய மகிழ்ச்சி இது.

இதைவிடத் தெளிவாகச் சொல்வது மரியாவின் பாடல். லூக்கா முதல் அதிகாரத்தில், எலிசபெத் வீட்டில் நின்று அவர் பாடும்போது குழந்தை பிறக்கவில்லை. வயிற்றில்தான் இருக்கிறது. "என் மீட்பராம் கடவுளை நினைத்து எனது மனம் பேருவகை கொள்கின்றது" என்று பாடுகிறவருக்குத் தொழுவமும் தெரியாது, இடையர்களும் தெரியாது. வலியவர்களை அரியணையிலிருந்து தூக்கி எறிவதைப் பற்றியும் பசித்தவர்கள் நிறைவு பெறுவதைப் பற்றியும் பாடுகிறார். என்னைக் கேட்டால் திருவருகைக் காலத்துக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது. இரண்டாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறில் முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலாகவே இது வருகிறது. அதைத் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பாட வேண்டிய பாட்டு அது.

தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களையும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஓஃபியர் ரோட்டில் உள்ள லூர்து மாதா கோயில் 1888-இல் திறக்கப்பட்டபோது, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே எழுப்பப்பட்ட கோயில் அது. அப்போது வந்தவர்களிலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதிகளிலிருந்து பஸ் மாறி, எம்ஆர்டி ரயில் மாறி வரும் தம்பிகள் பின் வரிசைகளில் நிற்கிறார்கள். டிசம்பரில் அவர்களில் பலருக்கு லீவு கிடையாது. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் கோயில் முற்றத்திலேயே போனைத் தூக்கிப் பிடித்து, பின்னால் மாட்டியிருக்கும் நட்சத்திரத்தை ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் காட்டுவார்கள். "அப்பா எப்ப வருவ?" என்று அந்தப் பக்கமிருந்து வரும் குரல் பக்கத்தில் நிற்கிற நமக்கும் கேட்கும். கூட இல்லாத ஒருவரை நினைத்து மகிழ்வது எப்படி என்று அவர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. திருவருகைக் காலத்துப் பாட்டைக் குழுவைவிட அவர்கள் நன்றாகப் பாடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

இனி இசைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடக்கமாகப் பாடச் சொன்னால் நம் குழுக்கள் உடனே சோக ராகத்துக்கு ஓடிவிடுகின்றன. சிவரஞ்சனி, சுபபந்துவராளி என்று போய், முதல் ஞாயிறே புனித வெள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். கீபோர்டில் ஸ்ருதியை சி-யில் வைத்துக்கொண்டு ச ரி க ப த என்று சிவரஞ்சனி வாசியுங்கள். பிறகு மற்ற நான்கு ஸ்வரத்தையும் தொடாமல், காந்தாரத்தை மட்டும் அரைக் கட்டை மேலே ஏற்றுங்கள். மோகனம் வந்துவிடும். ஒரே பதிலுரைப் பாடலை இரண்டிலும் மெதுவாக, மேளமே இல்லாமல் பாடச் சொல்லிக் கேளுங்கள். மோகனத்தில் அது அடக்கமாகவும் இருக்கும், முகமும் மலர்ந்திருக்கும். அளவு என்பது வேகத்திலும் சத்தத்திலும் கருவிகளின் எண்ணிக்கையிலும் இருக்க வேண்டிய விஷயம். ராகத்தை அழவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் இதையும் கண்மூடித்தனமான விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராகத்துக்கு இன்ன உணர்ச்சி என்று அடித்துச் சொல்வது ஆபத்து. இம்மானுவேலை வரச் சொல்லி அழைக்கும் அந்தப் பழைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் வரும் ஏழு முன்மொழிகளிலிருந்து பிறந்தது அது. ஜான் மேசன் நீல் 1851-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மெட்டு பதினைந்தாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கையெழுத்துப் படி ஒன்றில் கிடைத்தது. அதன் ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் நடபைரவி. மேல்நாட்டு இசையில் மைனர் என்பார்கள், சோகத்துக்கென்றே ஒதுக்கிவைத்த ஸ்வர வரிசை. ஆனால் பல்லவியில் ஒவ்வொரு முறையும் வருவது 'மகிழ்வாய்' என்ற அழைப்பு. ஏக்கமும் மகிழ்ச்சியும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒத்திகையில் அந்த இடத்தை ஒரு தடவை கவனமாகப் பாடிப் பார்த்தால், திருவருகைக் காலம் என்ன என்று நான் இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் காதிலேயே கேட்டுவிடும்.

மேளத்தைப் பற்றி. கல்யாண வீட்டில் முதல் நாளிலிருந்தே நாதஸ்வரம் கேட்கும், வீடு முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும்தான், ஆனால் கெட்டிமேளம் தாலி ஏறும் நேரத்துக்குத்தான். முகூர்த்தத்துக்கு முன்னால் யாராவது கெட்டிமேளம் அடித்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். 313-ஆம் எண் சொல்வது இதைத்தான். ஜெர்மனியில் லூத்தரன் சபையார் இதை நம்மைவிடக் கறாராகச் செய்தார்கள். இசையமைப்பாளர் பாக் வேலை பார்த்த லைப்சிக் நகரில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு வாத்தியக் குழுவோடு பாடும் பெரிய இசை நின்றுவிடும். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஞாயிறுகளில் அது கிடையாது. 1734 டிசம்பர் 25 காலையில் அவருடைய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ தொடங்கியபோது முதலில் ஒலித்தது மேளம். பாட்டு வருவதற்கு முன்பே டிம்பனி தனியாக அடித்துத் திறக்கிறது. மூன்று ஞாயிறு காத்திருந்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

'அளவு' என்றால் எவ்வளவு என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. தபேலா சரியா, மிருதங்கம் சரியா, டிரம் கிட் சரியா என்று கேட்டால் உறுதியான பதில் யாரிடமும் இருக்காது. பங்குத்தந்தையும் ஆயரும் சொல்வதுதான் முடிவு. என் வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டு ஞாயிறு ஆர்மோனியமோ கீபோர்டோ ஒன்று, தபேலா மெல்ல, அதுவும் வருகைப் பாடலுக்கும் இறுதிப் பாடலுக்கும் மட்டும். மூன்றாம் ஞாயிறு மிருதங்கமும் புல்லாங்குழலும் சேரும், அல்லேலூயாவைக் கொஞ்சம் விரிவாகப் பாடுவோம். நான்காம் ஞாயிறு மறுபடி சுருங்கிவிடும். டிரம் கிட் 24 இரவு வரை துணி போர்த்தியே இருக்கும். எங்கள் டிரம்மர் பையன்களுக்கு இது பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஞாயிறு ரோஜா நிற உடை குருவுக்குக் கட்டாயமில்லை, வழக்கமுள்ள இடங்களில் அணியலாம் என்பதுதான் விதி. ஆனால் பாடகர் குழு அக்காமார்கள் அன்று ரோஸ் கலர் சேலையில் வந்தால் எந்த விதியும் தடுக்காது. தடுத்தாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

பாட்டுக்கு எங்கே போவது? நம் பாட்டுப் புத்தகங்களில் கிறிஸ்துமஸுக்குப் பக்கம் பக்கமாக இருக்கும், திருவருகைக் காலத்துக்கு நாலைந்துதான் தேறும். அதையே நாலு வாரம் திருப்பித் திருப்பிப் பாடி அலுத்துப்போவதால்தான் கை கிறிஸ்துமஸ் பக்கம் போகிறது. நான் கண்ட வழி, பதிலுரைப் பாடலிலிருந்து ஆரம்பிப்பது. முதலாம் ஆண்டின் முதல் ஞாயிறுக்குத் திருப்பாடல் 122, ஆண்டவருடைய இல்லத்துக்குப் போவோம் என்றதும் அகமகிழ்ந்த கதை. மூன்றாம் ஆண்டின் இரண்டாம் ஞாயிறுக்கு 126, "கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுவடை செய்வார்கள்." அதே ஆண்டு மூன்றாம் ஞாயிறு செப்பனியா வாசகத்தில் கடவுளே நம்மைக் குறித்து மகிழ்ந்து பாடுகிறார். பாடகர் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மகிழ்ச்சி மூன்றாம் ஞாயிறில் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை, காலம் முழுக்க இறைந்து கிடக்கிறது. இந்தத் திருப்பாடல்களுக்கு உங்கள் குழுவிலேயே யாராவது எளிய மெட்டு போடட்டும். இரண்டு வரிப் பல்லவி போதும், மக்கள் மூன்றாம் தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு பாட்டு மட்டும் எப்போதும் சர்ச்சைக்கு வரும். 'ஜாய் டு த வேர்ல்ட்' திருவருகைக் காலத்தில் பாடலாமா? ஐசக் வாட்ஸ் அதை 1719-இல் திருப்பாடல் 98-ஐத் தழுவி எழுதினார். அதில் பெத்லகேம் இல்லை, தொழுவம் இல்லை, குழந்தை இல்லை. அரசர் வருகிறார், பூமி அவரை ஏற்கட்டும் என்பதுதான் பொருள். வரிகளை மட்டும் பார்த்தால் திருவருகைக் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் நான் பாட வைப்பதில்லை. முதல் நாலு ஸ்வரம் இறங்கியதுமே கேட்கிறவர் மனம் 25-ஆம் தேதிக்குப் போய்விடும். இது என் கருத்துதான், வேறு மாதிரி நினைக்கிறவர்களுக்கும் நியாயம் உண்டு.

ஆர்ச்சர்ட் ரோட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கடைக்காரர்கள் அவர்கள் வியாபாரத்தைப் பார்க்கிறார்கள். விதிகள் பேசுவது திருப்பலியைப் பற்றி. வீவக அடுக்குமாடி புளோக்குகளில் வீடு வீடாகப் போய் கேரல் பாடுவதை, லிஃப்ட் வாசலில் கிட்டாரும் டாம்பரினும் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பதை, முறுக்கும் மைலோவும் சாப்பிட்டுவிட்டு அடுத்த மாடிக்கு ஏறுவதை எந்தத் திருப்பலி விதியும் தடுக்கவில்லை. நம் பிலிப்பினோ சகோதரர்கள் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் சிம்பாங் கபி என்னும் திருப்பலிகளைக் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நாட்டில் அந்தத் திருப்பலிகளுக்கு வெள்ளை உடையும் 'உன்னதங்களிலே'யும் கூட உண்டு. அது அவர்கள் திருச்சபை முறைப்படி பெற்ற அனுமதி. 'அவங்க பாடுறாங்களே' என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் விஷயத்துக்கு வழி இருக்கிறது. அவர்கள் போவதற்கு முந்தைய ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோயில் அரங்கில் ஒரு மணி நேரம் கேரல் வையுங்கள். டிரம் கிட்டும் அங்கே வரட்டும். ஃபாதரிடம் இதைக் கேட்கப் போகும்போது, நாலு ஞாயிறுக்கான பாட்டுப் பட்டியலையும் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பலிக்கு ஒழுங்காகத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அரங்கு சுலபமாகக் கிடைக்கும்.

அப்புறம் ஒன்று. ஞாயிறுகளில் பாடாமல் விட்டதால் 'உன்னதங்களிலே' எல்லோருக்கும் துருப்பிடித்திருக்கும், பாதிப்பேர் ஊரில் வேறு இருப்பார்கள். டிசம்பர் 17-க்குப் பிறகு வரும் ஒத்திகையில் நள்ளிரவுத் திருப்பலிக்கு இருக்கப்போகிறவர்களை மட்டும் வைத்து, அதை முழு மேளத்தோடு இரண்டு தடவையாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்ருதியை அரைக் கட்டை இறக்கி வையுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் மேல் ஸட்ஜம் எட்டாது.